மெர்லோவுக்கு ஒரு டம்ளர்

என் கணவர் ராமபத்ரன் சபாக் கூட்டத்துக்காகத் திருப்பூணித்துறை பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பியதும், அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்த மூன்று மெர்லோ வைன் பாட்டில்களையும் எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். ஒன்று நாசிக், ஒன்று சிலி, ஒன்று ஆஸ்திரேலியா. மூன்றும் கடையில் கீழ்த்தட்டில் இருந்தவை. விசேஷத்துக்கு அல்ல, தினமும் குடிக்க எனக்கு ஒன்று வேண்டும்.

பெங்களூரில் மகள் அதிதி வீட்டில் ஒரு மாதம் இருந்தபோது பழகியது. மாலையில் ஒரே ஒரு கிளாஸ். அதைக் கையில் வைத்திருந்த அரை மணி நேரம் உப்பு எங்கே, சாவி எங்கே என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. ருசியைவிட அதுதான் பிடித்தது. மட்டாஞ்சேரிக்குத் திரும்பியபின் அந்த அரை மணி நேரம் கிடைக்கவே இல்லை. ஒளித்துக் குடித்தால் காது வாசலிலேயே கிடக்கும். ஆகவே இன்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அவர் வந்ததும் சொல்லிவிடுவது என்று இருந்தேன்.

முதல் டம்ளரை ஊற்றும்போது, பக்கத்து வீட்டு நாத்தனார் காமாக்ஷி கறிவேப்பிலை கேட்டுப் பின்வாசலில் நுழைந்தாள். ஏகாதசியன்று தண்ணீரைக்கூட யோசித்துக் குடிப்பவள்.

"எந்தா மன்னி இது?"

"வைன்."

"தனியாவா? கஷ்டம்!" நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "பாவம் பண்ணறதுன்னா ரெண்டு பேரா பண்ணலாம். விடுங்கோ ஒரு துளி."

டம்ளரை உயரத் தூக்கி, அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றிக்கொண்டாள். மூன்றையும் அப்படியே.

"மூணும் ஒண்ணுதான். ரசத்துக்குப் புளி கரைச்சுட்டு மறந்துபோன மாதிரி."

"மூக்குக்கிட்ட கொண்டுபோனாத்தானே வாசனை தெரியும்? வாய் வெச்சுக் குடி."

"எச்சல் பண்ணிண்டா? சீ!"

நான் வாய் வைத்தே குடித்தேன். சிலி, வெயிலில் மறந்துவிட்ட ஜாம். ஆஸ்திரேலியா, மரியாதையாகப் பேசிவிட்டு எழுந்துபோகும் சம்பந்தி. நாசிக்கில் நாவற்பழம் இருந்தது. கடைசியில் கொஞ்சம் துவர்ப்பு. தினமும் பார்த்தாலும் சலிக்காது. கல்யாணத்தின்போது இப்படி மூன்றை வரிசையாக வைத்துப் பார்க்க எனக்கு வாய்க்கவில்லை.

இதைச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அண்ணாந்திருந்த காமாக்ஷி சிரித்ததில் அவளுடைய சந்தனப் புடவை முழுக்கச் சிவப்பு. அப்போது பார்த்து வாசலில் ராமபத்ரன். மூக்குக்கண்ணாடியை மறந்து பாதிவழியில் திரும்பியிருந்தார்.

"பீட்ரூட்," என்றாள் காமாக்ஷி, அவர் கேட்பதற்கு முன்பே.

எதிரே மூன்று பாட்டில்கள். ஆனாலும் அந்தப் பொய் கதகதப்பாக இருந்தது. எத்தனையோ தடவை நான் நுழைந்துகொண்ட இடம்தான் அது. இன்னொரு தடவை நுழைந்துகொள்ளலாம்.

"மெர்லோ," என்றேன். "தினம் சாயங்காலம் ஒரு டம்ளர் குடிக்கப் போறேன். இந்த நாசிக்."

அவர் என் டம்ளரை எடுத்துக் கண்ணுக்கு வெகு அருகில் கொண்டுபோனார். விளிம்பில் உதட்டுத் தடம்.

"வாய் வெச்சா குடிச்சே?"

"ஆமா."

"நம்ம காப்பி டம்ளராக்கும் இது! எச்சல் பண்ணிட்டயே, சுபாஷிணி!"

"நான் தூக்கித்தான் குடிச்சேன், அண்ணா," என்றாள் காமாக்ஷி பெருமையாக.

வைனை இருவரும் மறந்தே போனார்கள். புளி போட்டுத் தேய்த்தால் போதுமா, போதாதா என்று வெகுநேரம் வாதம் நடந்தது. கடைசியில் தீர்ப்பு: அந்த டம்ளர் மற்றவற்றோடு கலக்கக்கூடாது, வேறு யாரும் தொடக்கூடாது, நானே வைத்துக்கொள்ள வேண்டியது.

முப்பது வருஷத்தில் இந்த வீட்டில் எனக்கு மட்டும் என்று கிடைத்த முதல் பாத்திரம். ஜன்னலில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். மாலையில் அதை நிமிர்த்தினால் எல்லோரும் ஒதுங்கிப் போகிறார்கள். மறுபடி கவிழ்க்கும்வரை, ராமபத்ரன் தன் மூக்குக்கண்ணாடியைத் தானே தேடிக்கொள்கிறார்.