தரையைத் தொடாத கார்

துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறக்கிய அன்று நர்ஸம்மாவின் கார் தரையைத் தொடவில்லை. நான்கு சக்கரங்களும் சமமாக, தரைக்கு நாலு விரல் உயரத்தில் நின்றன. கிரேன் ஓட்டியவர் கொக்கியைக் கழற்றிக்கொண்டு அடுத்த சரக்கைத் தூக்கப் போய்விட்டார். இறக்குவது அவர் வேலை, இறங்குவது காரின் பாடு. சுங்க அதிகாரி மட்டும் கடமை தவறாமல் குனிந்து, அடியில் ஒரு ஸ்கேலை விட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டிப் பார்த்தார். கள்ளச்சரக்கு எதுவும் இல்லை என்று எழுதி முத்திரை குத்தினார்.

அது கத்திரிக்காய் நிறக் கார். வெளிநாட்டில் ஆஸ்பத்திரிக்கும் தங்கியிருந்த அறைக்கும் போய்வர நர்ஸம்மா பழைய வண்டியாகப் பார்த்து வாங்கியது. ஒன்பது வருஷம் அங்கே பகல் டியூட்டியும் ராத்திரி டியூட்டியுமாக ஓடிவிட்டு, இனி வீட்டோடு இருப்பது என்று முடிவெடுத்துக் கிளம்பியபோது அதையும் கப்பலில் ஏற்றிவிட்டார். வீடு என்றால் தையல் கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறை. அங்கே கணவர், அதாவது எங்கள் தெருத் தையல்காரர். ஐந்து வயதில் விட்டுப்போய் இப்போது பதினாலு வயதாகிவிட்ட மகள். மூவருமாகத்தான் காரை எடுக்கத் துறைமுகம் போனார்கள். நர்ஸம்மா சாவியைத் திருகினார். என்ஜின் உறுமியது, சக்கரங்கள் சுற்றின, கார் இருந்த இடத்திலேயே இருந்தது. தையல்காரர் பின்னால் போய் ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார், வழுக்கிக்கொண்டு போயிற்று. அப்படியே வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். பிரேக் பிடிக்க வேண்டிய இடங்களில் மகள் முன்னால் ஓடிப்போய், ஒரு கையால் விளக்குக் கம்பத்தையும் மறு கையால் காரையும் பிடித்துக்கொண்டாள். "நம்ம ரோட்டுக் குழியப் பத்திக் கப்பல்லயே யாரோ சொல்லிட்டாங்க போல" என்றார் எதிர்வீட்டுப் பூட்டுக்காரர். அதற்கு மேல் அன்று யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பேச்செல்லாம் வரியைப் பற்றித்தான். வெளியிலிருந்து வரும் காருக்கு நம்பர் வேண்டுமானால் பதிவு வரி கட்ட வேண்டும். அது காரின் விலையையே தூக்கிச் சாப்பிட்டுவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஆனால் வெளிநாட்டு வாசத்தை முடித்துக்கொண்டு வீடு திரும்புகிறவர்களுக்கு விலக்கு உண்டு. அதற்கு விதிகள் இருந்தன. ஒரு வருஷத்துக்குக் குறையாமல் வெளியே குடியிருந்திருக்க வேண்டும். கார் ஆறு மாதமாவது அவர் பேரிலேயே இருந்து, அவரே ஓட்டியிருக்க வேண்டும். கிளம்புகிற அவசரத்தில் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தது செல்லாது. விலக்குக் கிடைத்த பிறகு ஒரு வருஷத்துக்கு விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, இரவல் கொடுக்கக் கூடாது. இதெல்லாம் நர்ஸம்மாவுக்குத் தூசு. கடைசி விதிதான் கொஞ்சம் இடித்தது: கொண்டுவந்தவர் இங்கே நிலையாகக் குடியேறிவிட்டார் என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். ஏற்படாவிட்டால் கார் வந்த வழியே கப்பலேறிவிடும். கார் போனால் பின்னாலேயே மனைவியும் போய்விடுவாள் என்று தையல்காரர் பயந்தார். அதை யாரிடமும் சொல்லாமல் மெஷினை வேகமாக மிதித்தார்.

திருப்தி ஏற்பட வேண்டிய அந்த அதிகாரியை ஊரில் உட்பிரிவு என்பார்கள். வீட்டில் உப்புக் குறைந்தாலும் எந்த உட்பிரிவின்படி என்று கேட்கிறவர். அவர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். சாலையில் ஓடும் வாகனத்துக்குத்தான் வரி. இது சாலையைத் தொடவே இல்லை. ஆகவே வரி இல்லை. இல்லாத வரிக்கு விலக்குத் தர முடியாது. விலக்கு இல்லாமல் நம்பர் தர முடியாது. நம்பர் இல்லாமல் சாலைக்கு வரக் கூடாது. அது வரவும் இல்லை. இந்த இடத்தில் அவருக்கே சந்தோஷம் தாங்காமல் ஒரு டீ வரவழைத்துக் குடித்தார். பிறகு சந்தேகம் வந்து, இது விமானத்தில் சேருமா என்று விமானத் துறைக்கு எழுதிக் கேட்டார். நாலு விரலையெல்லாம் தாங்கள் ஆகாயமாகக் கருதுவதில்லை என்று அங்கிருந்து பதில் வந்தது. கடைசியில் தற்காலிகமாக ஒரு நம்பர் கொடுத்தார். "ஆறு மாசம் கழிச்சு நானே வீட்டுக்கு வந்து பாப்பேம்மா. குடியேறிட்டீங்கன்னா நிரந்தர நம்பர். இல்லேன்னா வண்டியக் கப்பல்ல ஏத்திடுவோம், வருத்தப்படக் கூடாது" என்றார். நர்ஸம்மா தலையாட்டினார்.

வீட்டில் அவரைத் தாங்கு தாங்கு என்று தாங்கினார்கள். புதுத் துண்டு, புதுச் சோப்பு, கட்டிலில் ஜன்னலோரப் பக்கம். ஒரு டம்ளரைக் கழுவப் போனால் மகள் ஓடிவந்து பிடுங்கிக்கொள்வாள். "நீங்க உக்காருங்கம்மா, நான் பாத்துக்கறேன்." காய் நறுக்க உட்கார்ந்தால் தையல்காரர் கத்தியை வாங்கி வைத்துவிடுவார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள்; இந்த விருந்து மூன்று மாதமாகியும் ஓயவில்லை. ஆனால் நர்ஸம்மாவின் துணிகள் வந்த பெட்டியிலேயேதான் இருந்தன. தினமும் காலையில் கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, மறுபடி மூடி உள்ளே தள்ளுவார். அலமாரியில் மூன்று தட்டுகள். மேல்தட்டு தையல்காரருடையது, நடுத்தட்டு மகளுடையது. கீழ்த்தட்டில் தெருவிலிருக்கும் அத்தனை பேருடைய துணியும் அடைந்து கிடந்தது. எங்கள் தையல்காரரிடம் கொடுத்த துணியைத் திரும்பப் பார்ப்பது அபூர்வம். பட்டனுக்குக் காஜா எடுப்பதில்தான் எப்போதும் போய் நிற்கும். "எல்லாம் ஆச்சுங்க, காஜா மட்டும்தான் பாக்கி. நாளைக்கு வாங்க" என்பார். பூட்டுக்காரர் ஒரு கால்சட்டைக்காக நாலு வருஷமாக நாளைக்கு வந்துகொண்டிருந்தார். தையல்காரர் என்றால் அப்படித்தான் என்று தெருவும் விட்டுவிட்டது. தனக்கென்று ஒரு தட்டு ஒழித்துத் தரவில்லையே என்று நர்ஸம்மா கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவார்கள், கேட்காமல் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு இருந்தது. பெட்டியை ஏன் பிரிக்காமலே வைத்திருக்கிறாய் என்று தையல்காரரும் கேட்கவில்லை.

கேட்பதற்குப் பதில் அளந்தார். காலையில் கடை திறக்குமுன் டேப்போடு தெருவில் குந்தி, கால்சட்டைக்கு இறக்கம் எடுப்பதுபோலச் சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில் அளந்து, சாக்பீஸால் சுவரில் ஒரு கோடு போடுவார். தூக்கத்தில் மகள் அம்மாவின் மேல் காலைத் தூக்கிப் போட்ட ராத்திரிக்கு மறுநாள் கார் அரை விரல் இறங்கியிருந்தது. உங்கள் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, வருகிறீர்களா என்று வெளிநாட்டு ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தபோது முழங்கால் உயரத்துக்கு ஏறிவிட்டது. தெருப் பூனை ஒன்று குட்டிகளோடு அடியில் குடிவந்தது. "யோசிச்சுச் சொல்றேன்" என்று நர்ஸம்மா ஃபோனில் சொன்னது கீழே கடைவரை கேட்டது. அன்று தையல்காரர் ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டார். அதே வாரம் பூட்டுக்காரர் வந்து, புது மாப்பிள்ளையை அழைத்துவர ஒருநாளைக்குக் கார் வேண்டும் என்றார், தள்ள ஆள் இருக்கிறது என்றும் சொன்னார். இரவல் கொடுத்தால் விதி மீறல் ஆகிவிடுமே என்றார் நர்ஸம்மா. "சும்மா ஏறி உக்காரலாம்ல? அதுக்கு விதி இல்லேல்ல?" என்று கேட்டுக்கொண்டு, பின் சீட்டில் ஏறி, அந்த உயரத்திலிருந்து தெருவைச் சாவகாசமாகப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

சொன்னபடி உட்பிரிவு வந்தார். கார் அன்று ஒரு சாண் உயரத்தில் நின்றது. வெயிலில் செருப்பு சுடும் என்று அதை முன்சக்கரத்துக்கு அடியில் நிழலாகப் பார்த்து விட்டுவிட்டு மாடிக்கு ஏறினார். சமையலறையைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், குழாயைத் திறந்து மூடினார். திருப்தி ஏற்பட்டுக்கொண்டே வந்தது அவர் முகத்தில் தெரிந்தது. கடைசியாக ஒன்று கேட்டார்.

"துணிமணியெல்லாம் எங்கம்மா வெச்சிருக்கீங்க?"

நர்ஸம்மா பெட்டியை இழுத்துக் காட்டினார். அதன் பிடியில் பயணத்தில் கட்டிய அடையாளச் சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. உட்பிரிவு பேனாவை மூடினார்.

"பெட்டியில இருந்தா அது பயணம்மா. அலமாரியில இருந்தாத்தான் குடித்தனம். எனக்குத் திருப்தி ஏற்படலியே."

"நானா சார் வேண்டாம்னேன்?" என்றார் தையல்காரர். "ஆறு மாசமா அவதான் பெட்டியப் பிரிக்கவே இல்ல."

"எங்க பிரிச்சு வெக்கிறதுங்க? ஒரு எடம் காட்டுங்க பாப்போம்." நர்ஸம்மாவுக்கு அதுவரை யாரும் பார்த்திராத கோபம் வந்துவிட்டது. "ஒரு டம்ளர் கழுவ விடல. லாட்ஜுலகூட இப்படிக் கவனிக்க மாட்டாங்க. இவ எப்பக் கெளம்புவான்னு பாத்துட்டு இருக்கீங்கன்னுதானே எனக்குத் தோணும்?"

மகள் குறுக்கே புகுந்தாள். "ஐயோ அம்மா, அந்தத் தட்ட அடைச்சது நீ வந்தப்புறம் இல்ல. நீ போன அன்னிக்கே அடைச்சாச்சு. காலியா இருந்தா பாக்க முடியலன்னு யார் துணியையோ எடுத்துட்டு வந்து அப்பா அதுல வெச்சாரு. திருப்பிக் குடுத்தா மறுபடி காலியாயிடும்னுதான் யாருக்கும் எதையும் குடுக்கறதில்ல. நீ வந்தும் பெட்டியப் பிரிக்கலியா, மறுபடி போயிடுவியோன்னு பயந்துட்டு அப்படியே விட்டுட்டாரு. காஜாவெல்லாம் எப்பவோ எடுத்தாச்சும்மா."

நர்ஸம்மா கீழ்த்தட்டின் முன்னால் உட்கார்ந்து பூட்டுக்காரரின் கால்சட்டையை உருவினார். காஜா எடுத்து, பட்டன் வைத்து, இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கு அடுத்ததும். "பாவம் அந்த மனுஷன், நாலு வருஷமா" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தவர், சிரித்து முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தார். உட்பிரிவு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறர் வீட்டு அழுகையைப் பார்ப்பதற்கு அவரிடம் உட்பிரிவு இல்லை.

பிறகு மகள் ஜன்னலில் தலையை நீட்டி ஒரு கூப்பாடு போட்டாள். தெரு முழுவதும் கீழே கூடிவிட்டது. யார் துணி என்று சொல்லிச் சொல்லி மாடியிலிருந்து போட்டார்கள். ரொட்டிக் கடைக்காரர் மகனுக்குத் தைத்த பள்ளிக்கூடச் சட்டை வந்து விழுந்தபோது அந்தப் பையன் மீசையோடு நின்றுகொண்டிருந்தான். பூட்டுக்காரரின் கால்சட்டை தொடைக்கு மேல் ஏற மறுத்தது. அவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, "கெடைச்சதே பெரிசு" என்றார். தட்டு ஒழிந்ததும் நர்ஸம்மா ஈரத்துணியால் துடைத்தார். துடைக்கிற துணியை இந்த முறை யாரும் பிடுங்கவில்லை. துணிகளை ஒவ்வொன்றாக அடுக்கி, அலமாரிக் கதவைச் சாத்தினார். கீழே தொம் என்று ஒரு சத்தம் கேட்டது.

பூனையும் குட்டிகளும் முன்பே வெளியேறி வாசற்படியில் உட்கார்ந்திருந்தன. கார் தரையில் இருந்தது. முன்சக்கரத்துக்கு அடியில் உட்பிரிவின் செருப்பு ஒன்று தட்டையாகக் கிடந்தது. காரை முன்னால் நகர்த்தி அதை எடுத்தார்கள். அதுதான் அந்தக் கார் எங்கள் சாலையில் ஓடிய முதல் ஓட்டம். உட்பிரிவு செருப்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். வாகனம் தரையைத் தொட்டதற்குச் சாட்சி என்று அதைக் கோப்போடு வைத்துக் கட்டி, எல்லா உட்பிரிவுகளின்படியும் தனக்குத் திருப்தி ஏற்பட்டதாகக் கையெழுத்துப் போட்டு, மற்ற காலில் மட்டும் செருப்போடு ஆபீசுக்கு நடந்து போனார். அந்தக் கோப்பு இன்றும் மற்ற கோப்புகளைவிடத் தடிமனாகத்தான் இருக்கிறதாம்.

நர்ஸம்மா ஊர் ஆஸ்பத்திரியிலேயே வேலைக்குச் சேர்ந்து அந்தக் காரில் போய்வந்தார். விதி சொன்ன ஒரு வருஷம் முடிந்த மறுநாளே பூட்டுக்காரர் இரவல் வாங்கிக்கொண்டு போய், பெட்ரோல் போடாமல் திருப்பி விட்டார். வெளிநாட்டு ஆஸ்பத்திரி எப்போதாவது ஃபோன் செய்யும். அன்று இடது பின்சக்கரம் மட்டும் ஒரு விரல் எழும்பும். ஆடுகிற மேஜைக்கு வைப்பதுபோலத் தையல்காரர் ஒரு வெட்டுத்துணியை மடித்து அடியில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். தெருவிலும் துணிகள் சொன்ன நாளில் கிடைத்தன. இப்படிச் சில வருஷங்கள் போயின. பிறகு மகள் மேல்படிப்புக்கு வெளிநாடு கிளம்பினாள். அவளை வழியனுப்பிவிட்டு வந்து நிறுத்திய கார் விடிவதற்குள் நாலு விரல் ஏறி நின்றது. நிரந்தர நம்பர் ஆகிவிட்டபடியால் உட்பிரிவு எதுவும் கேட்கவில்லை. தையல்காரரும் டேப்பை எடுக்கவில்லை.

அந்த வாரம் பூட்டுக்காரர் சட்டை வாங்க வந்தார். தையல்காரர் மெஷினை வேகமாக மிதித்தார். மாடிப்படியில் நின்ற நர்ஸம்மாதான் சொன்னார். "எல்லாம் ஆச்சுங்க. காஜா மட்டும்தான் பாக்கி. நாளைக்கு வாங்க." பூட்டுக்காரர் வெளியே நிற்கும் காரை ஒருமுறை பார்த்தார். நேரே வீட்டுக்குப் போய், இன்னும் இரண்டு சட்டைக்குத் துணி எடுத்துக்கொண்டு வந்து மேஜை மேல் வைத்தார்.

"அவசரமில்லைங்க" என்றார். "பாப்பா வந்தப்புறம் வாங்கிக்கறேன்."