தெற்கு டகோட்டாவுல என் ஓட்டு

என் தம்பி டாரலோட நான் இப்ப பேசறதில்ல. ஏன்னு கேக்கறவங்ககிட்ட தேர்தல் தகராறுன்னு சொல்றேன். தலையாட்டிட்டுப் போயிடறாங்க. எங்க விஸ்கான்சின்ல தேர்தல் தகராறு இல்லாத குடும்பம் ஏது? ஆனா நாங்க ரெண்டு பேரும் ஒரே ஆளுக்கு ஓட்டுப் போட்டதுதான் தகராறேன்னு சொன்னா, இவளுக்கு என்ன ஆச்சுன்னு பார்ப்பாங்க.

என் வீட்டுக் கிணத்துத் தண்ணி, மார்ச்ல பனி உருகினதும் டீ நிறத்துக்கு வந்துடும். சுத்தி மூணு பெரிய மாட்டுப் பண்ணை. சாணியைக் கரைச்சு வயல்ல பாய்ச்சறாங்க, அது பாறை இடுக்கு வழியா நேரா என் குழாய்க்கு வருது. பதினொரு வருஷமா கேன் தண்ணியிலதான் சமைக்கிறேன். ரெண்டு பெரிய கட்சிக்காரனும் வந்தான், சீஸ் தின்னான், கன்னுக்குட்டியைக் கட்டிப் பிடிச்சு போட்டோ எடுத்துக்கிட்டான், போயிட்டான். நோரா கால்டெரோன் ஒருத்திதான் என் சமையலறைக்குள்ள வந்து, குழாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தவ. "லவோன், இதை நான் மேடையில பேசுவேன்"னா. பேசவும் பேசினா.

அவளோடது நன்னீர்க் கட்சி. சின்னக் கட்சி. ஜனாதிபதியா அவ ஜெயிக்க மாட்டான்னு எனக்குத் தெரியாதா? இருபது வருஷமா ஸ்கூல் பஸ் ஓட்டறேன், அந்த அளவுக்காவது உலகம் தெரியும். எனக்கு வேண்டியது வேற. இத்தனை பேர் தண்ணிக்காக ஓட்டுப் போட்டாங்கன்னு கடைசியில ஒரு எண்ணிக்கை வரும் பாருங்க, அதுல நான் ஒருத்தியா இருக்கணும். அவ்வளவுதான் என் ஆசை.

செப்டம்பர்ல டாரல் அவன் குடியிருக்கற தெற்கு டகோட்டா மாநிலத்துலேர்ந்து எண்ணூறு மைல் கார் ஓட்டிட்டு வந்தான். வெள்ளிக்கிழமை, வழக்கம்போல மீன் வறுவல் சாப்பிட மூலைக் கடைக்குப் போனோம். தட்டு வந்ததுமே போனை நீட்டிட்டான்.

"அக்கா, கருத்துக்கணிப்பு பார்த்தியா? உங்க மாநிலத்துல எங்க நீலக் கட்சி ஆளுக்கும் அந்த சிவப்புக் கட்சிக்காரனுக்கும் அரை புள்ளிதான் வித்தியாசம். அரை!"

"சந்தோஷம். மீனைத் தின்னு."

"நீ நோராவுக்குப் போட்டா அவன் ஜெயிச்சுடுவான்க்கா."

"நான் ஒருத்தியா அவனை ஜெயிக்க வைக்கப் போறேன்? போடா."

"இங்க ஒரே ஒரு ஓட்டு அதிகமா வாங்கினாலும், ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கற உங்க மாநிலத்துப் பத்து ஓட்டும் மொத்தமா அவனுக்கே போகுது. அதனால உன் ஓட்டு தங்கம். என் ஊர்ல அவன்தான் ஜெயிப்பான்னு தொட்டில்ல கிடக்கற குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் எங்க ஆளுக்குப் போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான். என் ஓட்டு தவிடு. மாத்திக்கலாமா?"

"ஓட்டு என்ன சட்டையாடா மாத்திக்க?"

"நிறைய பேர் பண்றாங்க. நீ இங்க என் ஆளுக்குப் போடு, நான் அங்க உன் நோராவுக்குப் போடறேன். நாடு பூரா கூட்டும்போது அவளுக்கு ஒண்ணும் குறையாது."

அவன் என் கையைப் பிடிச்சுக்கிட்டான். "அம்மா கல்லறை மேல சத்தியமா அக்கா." அம்மா பேரை எடுத்துட்டா நான் என்ன பண்ணுவேன்? சரின்னுட்டேன்.

தேர்தலன்னைக்கு சீட்டு கைக்கு வந்தது. நோரா பேர் நாலாவது. அதுக்கு நேரா இருந்த வட்டத்துக்குப் பக்கத்துல பேனாவைக் கொண்டு போயிட்டு, திரும்ப மேல கொண்டு வந்து, டாரலோட ஆள் பேருக்கு நேரா கருப்பா நிரப்பினேன். வெளியே வந்து பஸ்ஸைக் கிளப்பறதுக்குள்ள அவன்கிட்டேர்ந்து செய்தி: "போட்டாச்சு அக்கா! நோராவுக்கு. உன் கிணத்துக்காக." படிச்சதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு. என் தம்பி தங்கம்னு பஸ்ல ஏறின பிள்ளைங்ககிட்ட கூடச் சொன்னேன்.

அவன் ஆள் எங்க மாநிலத்துல பதினெட்டாயிரம் ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சான். டாரல் போன்ல கத்தினான், "உன்னாலதான்க்கா! உன்னாலதான்!" நானும் சிரிச்சேன்.

ரெண்டு வாரம் கழிச்சு, அவன் மாவட்டத்து இணையப் பக்கத்துல ஊர் ஊரா முடிவு போட்டிருந்தாங்க. அவன் இருக்கறது டவுன்ஷிப்னு சொல்ற ஒரு குட்டிக் கிராமம். என் ஓட்டு அங்க போய் உக்காந்திருக்கறதைக் கண்ணால பார்க்கணும்னு ஆசை. அச்சடிச்சு ஃப்ரிட்ஜ்ல ஒட்டணும்னு காகிதம்கூட எடுத்து வெச்சேன்.

மொத்தம் அம்பத்திரண்டு ஓட்டு. சிவப்புக்கு முப்பத்தெட்டு. நீலத்துக்கு பதினாலு. நோரா கால்டெரோனுக்கு பூஜ்ஜியம்.

தப்பா எண்ணியிருப்பாங்கன்னுதான் முதல்ல நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன். அந்த மாவட்ட ஆபீசுக்கே போன் போட்டேன். எடுத்தது ஒரு பொம்பளை.

"அம்மா, உங்க எண்ணிக்கையில ஒரு ஓட்டு விட்டுப் போச்சு."

"அம்பத்திரண்டு பேர் வந்தாங்க, அம்பத்திரண்டு சீட்டு இருந்துச்சு. ரெண்டு தடவை எண்ணினோம்."

"நோரா கால்டெரோனுக்கு ஒண்ணு இருக்கணுமே. எனக்குத் தெரிஞ்சவரு போட்டாரு."

"உங்களுக்குத் தெரிஞ்சவர்கிட்டயே கேளுங்கம்மா"ன்னா. அவ குரல்ல இருந்த இரக்கத்தை என்னால தாங்க முடியல.

ஓட்டு ரகசியம்னு சொல்றாங்க. பூஜ்ஜியத்துக்கு ஏது ரகசியம்? அதைப் பார்த்தா அந்த அம்பத்திரண்டு பேர்ல ஒவ்வொருத்தரும் என்ன பண்ணலைன்னு தெரிஞ்சுடும். என் தம்பி அதை யோசிக்கல.

நவம்பர் கடைசியில, நன்றி சொல்லும் நாள் பண்டிகைக்கு விருந்து சாப்பிட வந்தான், பூசணிப் பலகாரம் ஒண்ணைக் கையில ஏந்திக்கிட்டு. மத்தியானம். வான்கோழி அடுப்புல இருந்தது. அவன் ஊர் முடிவை அச்சடிச்ச காகிதத்தை நான் அவன் முன்னாடி வெச்சேன். படிச்சான். காது ரெண்டும் சிவந்துடுச்சு.

"அக்கா... தேர்தலுக்கு முந்தின சனிக்கிழமை ஒரு கருத்துக்கணிப்பு வந்துச்சு. எங்க மாநிலத்துலயே ரெண்டு புள்ளிதான் வித்தியாசம்னு. ரெண்டே ரெண்டு! நாமளும் ஜெயிக்கலாம்னு ஊரே பேசுச்சு. உள்ள போனதும் பயந்துட்டேன். ஒருவேளை என் ஒரு ஓட்டுல போயிடுமோன்னு..."

"கடைசியில எவ்வளவுடா வித்தியாசம்?"

"இருபத்தேழு."

"புள்ளி?"

"புள்ளி."

"பயந்துட்டேன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நான் திட்டிட்டு விட்டிருப்பேன். உன் கிணத்துக்காகன்னு ஏன்டா எழுதினே?"

"உனக்கு மனசு கஷ்டமா இருக்கும்னுதான்."

"எனக்கா? என் ஓட்டையும் வாங்கிக்கிட்டே, உன் ஓட்டையும் வெச்சுக்கிட்டே. எனக்குக் குடுத்தது ஒரு பொய். அதையும் அம்மா கல்லறை மேல!"

அவனுக்கும் ரோஷம் வந்துடுச்சு. "ஒரே ஒரு ஓட்டுக்கா! அவ எப்படியும் தோக்கப் போறவ. ஒரு ஓட்டுக்காகப் போயி தம்பிகிட்ட இப்படியா?"

"ஒரே ஒரு ஓட்டுதானேடா? அப்ப எதுக்கு எண்ணூறு மைல் ஓட்டிட்டு வந்து என்கிட்ட அதைக் கேட்டே?"

அவன் பலகாரத்தை மேஜை மேல வெச்சுட்டு, கோட்டை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டான். நான் கூப்பிடல. அவ்வளவு பெரிய வான்கோழியை ஒருத்தியா ஒரு வாரம் தின்னேன்.

டிசம்பர்ல முழுக் கணக்கு வந்தது. நோரா எல்லாருக்கும் நன்றி சொல்லி ஒரு கடிதம் அனுப்பியிருந்தா, எனக்கும் ஒண்ணு. நாடு பூரா தண்ணிக்காக ஓட்டுப் போட்டவங்க நாலு லட்சத்துப் பதினோராயிரத்து முந்நூத்தாறு பேராம். அதுல நான் இல்ல.