மேடை யார் உயரத்துக்கு?

1

அக்காவும் அத்தானும் வீட்டை விற்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நியாயமாக எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வந்தது ஒரு தலைப்பு. ‘விற்பனைக்கு ஒரு சமையலறை.’ கொஞ்ச நாள் அதைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு எங்கேயோ படித்த மாதிரி இருக்கவே கைகழுவிவிட்டேன்.

அக்கா என்னிடம் கதை சொல்ல வரவில்லை, புலம்ப வந்தாள். “விக்கப்போற வீட்டுல சமையலறைய எவ்வளவுதான்டா புதுசு பண்றது? நீயே சொல்லு,” என்று கேட்டாள். நான் ‘ம்’ கொட்டிக்கொண்டே உள்ளுக்குள் முதல் வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள்.

“எழுதப் போறியா? எழுதித் தொலை. ஆனா என்னை அழ வைக்காதே. உன் கதைல வர்ற அக்கா எல்லாரும் அழுதுட்டே இருக்காங்க.”

அந்த நிபந்தனைக்குக் கட்டுப்பட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: ‘அந்தச் சமையலறையின் சுவர்களில் காலம் தன் மெல்லிய விரல்களால்…’

(நிறுத்திவிட்டேன். சமையலறைச் சுவரில் காலம் எதுவும் செய்வதில்லை. செய்வதெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு.)

இரண்டாவது தொடக்கம்: ‘ஒரு பெண்ணின் வாழ்க்கை என்பது அவள் நின்ற இடத்தின்…’

(அக்கா படித்தால் கரண்டியை எடுப்பாள்.)

மூன்றாவது: ‘குழாய் ஒழுகியது.’

இது பரவாயில்லை. உண்மையும்கூட. அத்தானுக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியவில்லை. மகள் வீட்டுக்குப் பக்கத்தில் லிஃப்ட் உள்ள ஒரு ஃபிளாட் பார்த்து வைத்திருக்கிறார். இந்த வீட்டை விற்றால்தான் அது கிடைக்கும். “ஒழுகுற குழாயை மட்டும் மாத்திட்டு வித்துடலாம்” என்பதுதான் அவருடைய மூலத் திட்டம். புதுக் குழாய் வந்ததும் சிங்க் அழுக்காகத் தெரிந்தது. சிங்க்கை மாற்றியதும் சுவர் டைல்ஸ் அசிங்கமாகத் தெரிந்தது. டைல்ஸைத் தேய்த்துப் பார்த்தார்கள், இரண்டு பெயர்ந்து கையோடு வந்தன. அந்தக் கட்டத்தில்தான் புரோக்கர் உள்ளே வந்தார்.

3

புரோக்கரை நான் முதலில் வில்லனாகத்தான் எழுதினேன். வாயில் பல்குச்சி, கையில் ஆடுகிற சாவிக்கொத்து. பிறகு நேரில் பார்த்தேன். பாவம், தலைவலிக்கு மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, செருப்பை வாசலில் வரிசையாக விட்டுவிட்டு வருகிற மனிதர். பல்குச்சியை அடித்துவிட்டேன்.

அவர் சமையலறையில் ஒரு சுற்று வந்தார். மேடைமேல் கையை வைத்தார், அதற்கே குனிய வேண்டியிருந்தது.

“என்ன சார், மேடை இவ்வளவு தாழ்வா இருக்கு?”

“எங்கம்மா கட்டினது. அவங்க குள்ளம்,” என்றார் அத்தான்.

“இப்ப யாரு சார் குனிஞ்சு நின்னு சமைக்கிறாங்க? வீடு பார்க்க வர்றவங்க முதல்ல இங்கதான் வந்து நிப்பாங்க. இதை மட்டும் உசத்திடுங்க, வீடு நின்ன நிலையில போயிடும்.”

“அதுக்கென்ன, உடனே பண்ணிடலாம்,” என்றார் அத்தான்.

கதை இங்கேதான் இருக்கிறது. அது உங்களுக்குத் தெரிய வேண்டுமானால் அக்காவின் உயரம் தெரிய வேண்டும். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயர் ‘ஏணி’. கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்கு வந்தபோது ஏணிக்கு ஸ்டூல் உயரத்தில் ஒரு மேடை காத்திருந்தது. புதுப்பெண்ணாக இருந்தபோதே கேட்டாள்: “இதைக் கொஞ்சம் உசத்தலாமா?” அத்தான் சொன்னார்: “பார்க்கலாம்.” மாமியார் காலமான பிறகு கேட்டாள், பார்க்கலாம். மகள் பிறந்து இடுப்பு விட்டுப்போனபோது கேட்டாள், பார்க்கலாம். மகள் கல்யாணத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, கொத்தனாரும் சிமெண்டும் கண்ணெதிரே இருந்தபோது கேட்டாள். அப்போதும் அதே பதில்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: ‘பார்க்கலாம்’ என்பதை இலக்கணம் எந்தக் கணக்கில் சேர்க்கிறதோ தெரியாது. எங்கள் குடும்பத்தில் அதற்குக் காலமே கிடையாது. ‘முடியாது’ என்று சொன்னால் சண்டையாவது போடலாம்.]

அவள் அத்தனை வருஷம் கேட்டுக் கிடைக்காதது, முன்பின் தெரியாத ஒருவர் கேட்டவுடன் கிடைத்துவிட்டது. அதுவும் இன்னும் முகமே தெரியாத ஒருத்திக்காக.

அக்கா அப்போது என்ன செய்தாள்? மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். பாத்திரத்தை நழுவவிட்டாள். ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தாள். கசப்பாகச் சிரித்தாள். அவளிடமே கேட்டேன்.

“டீயில சர்க்கரை போடணுமான்னு புரோக்கரைக் கேட்டேன்.”

4

இப்போது அத்தான்மீது உங்களுக்குக் கோபம் வந்திருக்கும். எனக்கும் வந்தது. ஆனால் எழுத எழுத அந்தப் பாத்திரம் எனக்கு உதைக்கிறது. இவ்வளவு மோசமானவர் அல்ல அவர். அக்காவுக்கு இடுப்பு வலி என்றால் துடித்துப்போவார். தைலம் வாங்கி வருவார். வெந்நீர்ப் பை வாங்கி வருவார். இடுப்புக்குக் கட்டுகிற பெல்ட், குஷன் வைத்த நாற்காலி, வெளியூர் போனால் அங்கே கிடைக்கிற புதுத் தைலம். மேடையைத் தவிர எல்லாம் வாங்கி வந்திருக்கிறார்.

(அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதிவிட்டு நானே என்னை மெச்சிக்கொண்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து படித்தபோது சிரிப்பு வரவில்லை.)

5

கொத்தனார் வந்தார். பழைய மேடையை உடைத்துக் கொட்டிவிட்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார்: “எவ்வளவு உசரம் வைக்கணும்?”

“பொதுவா எல்லாரும் வைக்கிற மாதிரி வைங்க,” என்றார் அத்தான்.

“ஒருத்தரும் ஒரே மாதிரி வைக்கிறதில்ல சார். சமைக்கிறவங்க யாரு?”

“அது… இனிமேதான் வருவாங்க.”

“வந்தப்புறம் கூப்பிடுங்க.”

அவருக்கு வேறு இடத்தில் வேலை இருந்தது, அவ்வளவுதான். பையைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார். அத்தான் பதறிப்போய் புரோக்கருக்குப் போன் போட்டார். வாங்கப்போகும் அம்மா என்ன உயரம் இருப்பார் என்று கேட்டார். எந்த அம்மா என்று புரோக்கர் கேட்டார். தலையும் புரியாமல் வாலும் புரியாமல் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கும்போது அக்கா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து சுவரோரம் நின்றாள்.

“என்னை வச்சு அளங்க.”

முழங்கையை மடக்கி, நறுக்குகிற மாதிரி கையை நீட்டினாள். கொத்தனார் அதற்கு ஒரு சாண் கீழே சுவரில் கோடு போட்டார். அத்தான் போனை மூடிவிட்டு வந்து பார்த்தார். “ரொம்ப உசரமா இல்ல?” என்றார். அதற்குள் சிமெண்ட் குழைத்தாகிவிட்டது.

விற்பதற்காகச் செய்த வேலையை விற்கிறவளின் அளவுக்கே செய்துவிட்ட வீடு ஊரில் இது ஒன்றுதான் இருக்கும். வியாபாரமாகப் பார்த்தால் சுத்த முட்டாள்தனம். நான் கதையாகப் பார்க்கிறவன், எனக்கு வாயெல்லாம் பல்.

6

இந்தப் பகுதியை அழகாக எழுத எவ்வளவோ மண்டையை உடைத்துக்கொண்டேன். ‘கல்லின் குளிர்ச்சியில் அவள் உள்ளங்கை…’ என்று ஒன்று. ‘ஒரு மரம் நிமிர்வதுபோல…’ என்று ஒன்று. எல்லாம் போகட்டும். அக்கா சந்தோஷமாக இருந்தாள்.

போன் செய்தாள். “டேய், வெங்காயம் நறுக்கினேன்டா.”

“சரி?”

“நிமிர்ந்து நின்னு நறுக்கினேன்டா.”

நான் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தேன். அவள் என்னை நிபந்தனை போட்டுக் கட்டிவைத்ததே அவள் அழக்கூடாது என்றுதானே? நான் அழுவதைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

அப்புறம் யாரைப் பார்த்தாலும் சாப்பிடக் கூப்பிட்டாள். வீடு பார்க்க வந்தவர்களைக்கூட உட்காரவைத்துச் சாப்பாடு போட்டாள். இரண்டு குடும்பங்கள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வீடு பிடிக்கவில்லை என்று போயின.

7

மூன்றாவதாக வந்த தம்பதிக்கு வீடு பிடித்துவிட்டது. கணவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், மனைவி சமையலறைக்குள் போனார். மேடைக் கல் அவர் நெஞ்சுக்கு வந்தது. நல்ல பெண்மணி, அக்காவிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: “எல்லாம் அம்சமா இருக்குக்கா. இந்த மேடையை மட்டும் இறக்கிக் குடுத்துட்டீங்கன்னா போதும், நாங்க எடுத்துக்கறோம்.”

“அதுக்கென்ன, தாராளமா,” என்றார் அத்தான், ஹாலில் இருந்தே.

இனி முடிவு. மூன்று எழுதி எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். சமையலறையில் நின்றபடியே படித்துக் காட்டினேன்.

முடிவு அ: வீடு விற்றுப்போகிறது. மேடையை இறக்கச் சொல்லிப் புதுக்காரி தன் கணவரிடம் கேட்கிறாள். அவர் சொல்கிறார்: “பார்க்கலாம்.”

“ரொம்ப கச்சிதமா இருக்கு. அதனாலயே பொய்,” என்றாள் அக்கா. “அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?”

முடிவு ஆ: அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வீடு விற்பனைக்கு இல்லை என்று அறிவிக்கிறாள்.

“அவர் முழங்காலோட யாரு படியேறுறது, நீயா?”

முடிவு இ: அத்தான் மனம் மாறி, அந்தக் கல்லைப் பெயர்த்து எடுத்துக்கொண்டுபோய்ப் புது ஃபிளாட்டில் பதிக்கிறார்.

அவள் கல்லைத் துடைத்த துணியைப் பிழிந்தாள். “இது எங்கடா நடந்துச்சு?” என்றாள்.

“நடக்கல. யோசிச்சேன்.”

“அதானே பார்த்தேன். அந்த ஃபிளாட்டுக்குப் போனப்ப உங்க அத்தான்கிட்ட கேட்டேன், அங்கயும் மேடைய உசத்தலாமான்னு. பில்டர் கட்டினதே நல்லாதானே இருக்குன்னுட்டாரு.”

அவள் அழவில்லை. நான் சத்தியம் செய்கிறேன்.

அப்போது அத்தான் போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு வந்தார். “புரோக்கர் லைன்ல இருக்காரு. அவங்களுக்கு இன்னிக்கே முடிவு தெரியணுமாம். சரின்னு சொல்லிடறேன்.”

[கடைசி அடிக்குறிப்பு: தமிழில் கதை முடிவதற்கும் முடிவு, மனிதர்கள் எடுப்பதற்கும் முடிவுதான். நான் முதல் வகையைக் கையில் மூன்று வைத்துக்கொண்டு நின்றேன். அந்த வீட்டில் இரண்டாவது வகையை இதுவரை அக்கா எடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.]

“குடுங்க,” என்றாள் அக்கா.

“நானே சொல்லிடறேன்மா.”

“போனைக் குடுங்கன்னேன்.”

கொடுத்தார். அக்கா எங்கள் இருவரையும் பார்த்தாள். “ரெண்டு பேரும் வெளிய போங்க. நீயும்தான்டா, அந்தப் பேப்பரை எடுத்துக்கிட்டு.”

போனோம். கதவைச் சாத்திக்கொண்டாள். கூடவே அடுப்புக்கு மேலே புதிதாக மாட்டியிருந்த புகைபோக்கியின் விசிறியையும் போட்டுவிட்டாள், அது லாரி மாதிரி இரைந்தது. அத்தான் கதவில் காதை வைத்துப் பார்த்தார். நானும் வெட்கமில்லாமல் வைத்துப் பார்த்தேன். அவள் குரல் கேட்டது, சொற்கள் பிடிபடவில்லை. நிறையப் பேசினாள்.

அத்தான் சோபாவில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். முகத்தில் ஈயாடவில்லை.

“ஏன் மச்சான், அந்த மேடை அவளுக்கு அவ்வளவு முக்கியம்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

விளையாட்டுக்குக் கேட்கவில்லை அவர். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

முடிவு உள்ளே பேசிக்கொண்டிருக்கிறது. அவசரமென்றால் நீங்களே கதவைத் தட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். விசிறி ஓடுகிறது, கொஞ்சம் பலமாகத் தட்ட வேண்டும்.