இடது முனைத் தேய்மானம்

நடக்கத் தெரிந்த மனுஷன் காலைக் கொண்டுபோய் ஒரு வண்டியில் பூட்டிக்கொண்டு, கழற்றத் தெரியாமல் நடுரோட்டில் விழுவானா? இந்தக் காலத்தில் விழுவான். விழுந்தவன் எழுந்து வந்து, பூட்டு மட்டம், இதைவிட உசத்தியாக ஒன்று வாங்க வேண்டும் என்பான். கிழவருக்கு அதுதான் பொறுக்கவில்லை. முன்பெல்லாம் சாமான் கெட்டால் சாமானைத் திட்டுவார்கள். இப்போது அது கெடுவதற்கு முன்பே, அதற்கு ஓர் அண்ணன் கடைக்கு வந்துவிட்டானாமே என்று தூக்கம் வராமல் புரளுகிறார்கள்.

விழுந்தவன் வேறு யாருமில்லை, அவருடைய ஒரே மகன். நாற்பத்து நாலு வயது. இன்சூரன்ஸ் ஆபீஸில் நாற்காலியைத் தேய்த்துத் தேய்த்து வயிறு முன்னே வந்ததும், மூன்று வருஷத்துக்கு முன்னால் ரேஸ் சைக்கிள் வாங்கினான். ஷூவின் அடியில் க்ளீட் என்று ஒரு பிளாஸ்டிக் துண்டு. அது பெடலில் 'க்ளிக்' என்று மாட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விடும். மூன்று வருஷமாக விட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒன்றரை மாதமாக இடது பக்கம் மட்டும் விடவில்லை. சிக்னலில் நின்றவன் நின்றபடியே, வெட்டிய வாழை மாதிரி சாய்ந்தான். இன்றோடு மூன்றாவது முறை. முழங்கையில் தோல் போயிருந்தது.

"ஸ்பிரிங் மக்கர் பண்ணுதுப்பா. நல்ல பெடலா மாத்திட்டா சரியாயிடும். ஞாயித்துக்கிழமை நூறு கிலோமீட்டர் ரைடு இருக்கு, ஹைவேயில" என்று போனை நீட்டினான். விலையைப் பார்த்த கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பூஜ்யம் ஒன்றும் குறையவில்லை.

"இது கால்ல மாட்டுறதா, கழுத்துல மாட்டுறதாடா?"

மகன் சிரிக்கவில்லை. பால்கனியில் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனான். கிழவர் கை தானாக அதை எடுத்துப் புரட்டியது.

அது முப்பத்தொரு வருஷப் பழக்கம். அஞ்சாம் கிளாஸோடு நின்றவர், ஷூ கம்பெனியில் பசை தடவும் வேலைக்குச் சேர்ந்து, கடைசியில் திரும்பி வரும் சரக்கைப் பார்க்கும் மேஜைக்கு வந்தார். பிய்ந்தது, வாய் பிளந்தது, தேய்ந்தது எல்லாம் அந்த மேஜைக்குத்தான் வரும். எடுத்துப் புரட்டி அடியைப் பார்ப்பார். மேஜையில் இரண்டு முத்திரைகள். ஒன்று 'தயாரிப்புக் குறை', மற்றது 'உபயோகித்தவர் குறை'. முதல் முத்திரையில் மை காய்ந்து கிடக்கும் என்று கம்பெனியில் கிண்டல் பண்ணுவார்கள். அவருக்குப் 'புரட்டி' என்றே பெயர். கொண்டு வருகிறவன் எல்லாம் பொய் சொல்வான், அடி மட்டும் சொல்லாது என்பது அவர் கணக்கு.

மகனின் வலது ஷூ நன்றாக இருந்தது. இடது ஷூவில் குதிகால் புதுசு மாதிரி, முனை மட்டும் உப்புத்தாளில் உரசியது போல வெளுத்திருந்தது. கிழவர் வாசலுக்குப் போய் மகனின் ஆபீஸ் ஷூவைப் புரட்டினார். இடது முனை. வீட்டுச் செருப்பைப் புரட்டினார். இடது முனை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இந்தத் தேய்மானத்தை அவர் முன்பே பார்த்திருக்கிறார். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் ஒரே வருஷத்தில் மூன்று ஜோடி கொண்டு வந்தார். மூன்றிலும் இதே இடது முனை. "சார், நீங்க காலை இழுத்து நடந்தா கம்பெனி என்ன பண்ணும்?" என்று மூன்று முறையும் இரண்டாவது முத்திரையைக் குத்தி அனுப்பினார். நாலாவது முறை வந்தது வாத்தியாரின் மனைவி. அந்த அம்மா நீட்டிய ஷூவின் அடியில் ஒரு மண் துகள்கூட இல்லை. "இனிமே அவருக்கு இது தேவைப்படாதுங்க. எழுந்து நிக்க முடியல. திருப்பி எடுத்துக்குவீங்களா?" கிழவர் அப்போதும் சட்டம்தான் பேசினார். தயாரிப்பில் குறை இல்லையே.

மகன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான்.

"பெடல் மேல தப்பில்லடா. கால் மேலதான் தப்பு. டாக்டரைப் போய்ப் பாரு."

துண்டு நின்றது. பிறகு மகன் சிரித்தான். "முப்பது வருஷமா ஊர்ல எல்லாருக்கும் இதையேதான சொன்னீங்க. எனக்கு மட்டும் வேற என்ன சொல்லப் போறீங்க?"

"மூணு ஜோடியும் பாத்துட்டேன். மூணும் ஒரே இடத்துல தேஞ்சிருக்கு. மூணு கம்பெனிக்காரனும் கூடிப் பேசியா தப்புப் பண்ணுவான்?"

"விழுந்ததுல கொஞ்சம் மரத்திருக்கு, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குப் போனா இல்லாத வியாதியை எழுதிக் குடுத்துக் காசைப் புடுங்குவான்னு யாரு சொன்னது? அம்மாவுக்கு முதுகு வலி வந்தப்ப, ஆறு மாசம் தைலம் தேச்சே ஓட்டினது யாரு?"

சொன்னது கிழவர்தான். தேய்த்ததும் அவர்தான். வாத்தியார் கதையைச் சொல்லலாமா என்று நினைத்தார். அதன் கடைசி வரியைத் தன் வாயால் மகனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, "நானும் கடைக்கு வரேன்" என்றார்.

கடை ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளையாக இருந்தது. விற்பனைக்காரன் பெடலைச் சுண்டிவிட்டான். அது சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. "பழசை விட நூறு கிராம் கம்மி சார். பேரிங் வழவழன்னு இருக்கும். இந்தத் திருகை இளக்கினா, காலை லேசாத் திருப்பினாலே விட்டுடும்."

"இதே திருகு பழசுல இல்லையா தம்பி?"

விற்பனைக்காரன் தயங்கினான். "இருக்குங்கய்யா. ஆனா இது ஃபீலே வேற."

"அப்பா, சும்மா இருங்க."

சைக்கிளை ஸ்டாண்டில் பூட்டி, புதுப் பெடலும் புது க்ளீட்டும் போட்டு மகனை ஏற்றினார்கள். மிதித்தான். நிறுத்தினான். வலது கால் 'டக்' என்று வந்தது. இடது காலுக்கு அவன் முகம் ஒரு கணம் கோணியது. குதிகால் திரும்பவில்லை. தொடையோடு, இடுப்போடு சேர்த்து உடம்பையே பிடுங்குவது மாதிரி இழுத்தான். 'டக்.'

"வந்துடுச்சு பாத்தீங்களா!" மகன் முகத்தில், பரீட்சையில் பாஸான பையனின் சிரிப்பு.

"ஸ்டாண்டுல நிக்கிற வண்டி எங்கடா விழும்?" என்றார் கிழவர். "ஞாயித்துக்கிழமை மட்டும் போகாதடா. அதுக்கு முன்னாடி ஒருதடவை டாக்டர்கிட்ட... நான் காசு தரேன்."

மகன் அவரை உற்றுப் பார்த்தான். அவர் எதற்கும் காசு தருகிறேன் என்று சொன்ன மனுஷன் இல்லை. அவன் கண்ணில் ஏதோ வந்து நின்றது. பயம் மாதிரிதான் இருந்தது. உடனே குனிந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தான். "திருகை இன்னும் ஒரு சுத்து இளக்கிக் குடுங்க" என்று விற்பனைக்காரனிடம் சொல்லி, ஷூவை அங்கேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு கல்லாவுக்கு நடந்தான்.

அப்போதுதான் துடைத்திருந்த தரை. ஈரம் காயவில்லை. வலது கால் அஞ்சு விரலும் குதியுமாக அழகாகப் பதிந்தது. இடது காலுக்குப் பாதமே இல்லை. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் நீளமாக ஒரு கோடு, யாரோ துணியை இழுத்துக்கொண்டு போனது மாதிரி. ஸ்டாண்டிலிருந்து கல்லா வரை கிழவர் அதைப் படித்துக்கொண்டே வந்தார். படிக்கத் தெரிந்த ஒரே எழுத்து.

"இப்பத்தான தொடச்சேன். யாரு பெரியவரே இப்படி இழுத்து இழுத்து நடந்தது?" துடைக்கிற அம்மா மாப்போடு வந்து நின்றாள்.

"என் மகன்தாம்மா."

அவள் கல்லாவைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். மாப்பை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். கோடுகள் ஒவ்வொன்றாகப் போயின. அவற்றோடு சேர்த்து, நன்றாக இருந்த வலது காலும் போயிற்று.

பணம் கட்டிவிட்டு, ஷூவை மாட்டி மறுபடி சைக்கிளில் ஏறியிருந்த மகன் பின்னாலிருந்து கூப்பிட்டான். "அப்பா, இருங்க, வந்துடறேன். இப்ப சூப்பரா இருக்குப்பா."

"இருக்கும், இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே கிழவர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலில் இறங்கினார். திரும்பிப் பார்க்கவில்லை. கதவு மூடுவதற்குள், 'க்ளிக்' என்று மாட்டும் சத்தம் கேட்டது. விடுபடும் 'டக்' கேட்பதற்கு முன் கதவு மூடிக்கொண்டது.