மூன்றாம் ரவுண்டுச் சீட்டு

அக்காவுக்கு நடுவர்கள் என்றாலே ஆகாது. தங்கை ஜெயித்தால் அது தங்கையின் திறமை, தோற்றால் நடுவருக்குக் கண் அவிந்துவிட்டது. இதுதான் அவள் கட்சி. போட்டிக்கு முன் நிரப்பும் படிவத்தில் 'எந்த நடுவர் மீதாவது ஆட்சேபம் உண்டா?' என்றொரு கட்டம் இருக்கும். அதில் மூன்று நடுவர்களின் பெயர்களையும் எழுதிவைத்துவிடுவாள். "கூண்டுக்குள்ள நான் சண்டை போடறேன், வெளிய நீ போடறே" என்று தங்கை கிண்டல் செய்வாள்.

அன்று மட்டும் நடுவரைத் திட்டும் வேலை எதிர்த்தரப்புக்குப் போய்ச் சேர்ந்தது. கலப்புத் தற்காப்புக் கலையின் இறுதிப் போட்டி. ஜெயிப்பவளுக்கு தேசிய அணியில் இடம். முதல் ரவுண்டு தங்கைக்கு, இரண்டாவது எதிராளிக்கு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மூன்றாவதில்தான் இழுபறி. முதல் பாதியில் தங்கை வெளுத்து வாங்கினாள்; பிற்பாதியில் எதிராளி அவளைத் தரையில் சாய்த்து மேலே ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஒரு நடுவர் இவளுக்கு, இன்னொருவர் அவளுக்கு. மூன்றாமவர் பள்ளியில் கணக்கு சொல்லித்தரும் டீச்சர். அவர் சீட்டில் தங்கைக்குப் பத்து, எதிராளிக்கு ஒன்பது. தங்கையின் கை உயர்ந்தது. அரங்கம் டீச்சரை வண்டை வண்டையாகத் திட்டியது.

உடைமாற்றும் அறையில் தங்கையின் வீங்கிய கண்ணில் ஐஸ் பையை வைத்தபடி, அக்கா வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நடுவரை வாயாரப் புகழ்ந்துகொண்டிருந்தாள். கதவைத் தட்டிவிட்டு அந்த டீச்சரே உள்ளே வந்தார்.

"கமிட்டிகிட்ட சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லணும்னு வந்தேன். மூணாவது ரவுண்டை மாத்தி எழுதிட்டேன்."

அக்காவுக்குப் புரியவில்லை. டீச்சர் நிதானமாக விளக்கினார். தங்கைக்கு ஒதுக்கியது சிவப்பு மூலை; சீட்டில் பெயருக்குப் பதில் மூலையின் நிறம்தான் இருக்கும். அவள் போட்டிருந்ததோ நீல அரைக்கால் சட்டை. நீல மூலைக்காரி போட்டிருந்தது சிவப்பு. முதல் இரண்டு ரவுண்டும் கையுறையில் சுற்றிய மூலை நிற டேப்பைப் பார்த்தே டீச்சர் எழுதினார். மூன்றாவதில் தங்கையின் டேப் பிரிந்து தொங்க, கூண்டுக்குள் இருந்த ரெஃபரி அதைப் பிய்த்து எறிந்துவிட்டார். ரவுண்டு முடிந்து சீட்டு வாங்க ஆள் வந்து நின்றபோது, டீச்சரின் கண்ணில் நின்றது சிவப்புச் சட்டைக்காரிதான். எதிராளிக்குச் சேர வேண்டிய பத்தை, சிவப்பு என்ற இடத்தில், தங்கைக்குப் போட்டுவிட்டார்.

அந்த நீலச் சட்டையை வாங்கியது அக்கா. கடையில் தங்கையின் அளவுக்கு அதுதான் இருந்தது.

"யாரும் கண்டுபிடிக்கலையே டீச்சர்! சும்மா இருந்திருக்கலாமே?" அக்கா கெஞ்சினாள். "எத்தனை வருஷ உழைப்பு தெரியுமா?"

"தெரியும்மா. அந்தப் பொண்ணும் அத்தனை வருஷம் உழைச்சிருப்பா."

"இனிமே உங்களை அந்த நாற்காலில உட்கார விடமாட்டாங்க."

"விடமாட்டாங்கதான்."

சொன்னதில் ஒரு சொல்லைக்கூட டீச்சர் திரும்பப் பெறவில்லை.

தங்கை ஐஸ் பையைக் கீழே வைத்தாள். "அக்கா, கடைசி ரெண்டரை நிமிஷம் அவளுக்கு அடியில கிடந்தது நான். எனக்குத் தெரியாதா? என் கையைத் தூக்கினப்பவே கூச்சமா இருந்துச்சு." செருப்பை மாட்டிக்கொண்டாள். "தனியா போகாதீங்க டீச்சர். வெளிய இன்னும் கத்திட்டிருக்காங்க. நானும் வரேன்."

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கைக்கு வந்த வெற்றி போகிறதே என்றிருந்தது. ஆனால் இப்படிப்பட்ட இரண்டு பேர் ஒரே அறையில் தன் முன்னால் நிற்கிறார்களே என்று பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் போய்க் கூட்டத்தை முழங்கையால் விலக்கினாள்.

"டீச்சரைத் திட்டினவங்க எல்லாரும் கொஞ்சம் வாயை மூடுங்க! வழி விடுங்க!"

முடிவு மாற்றப்பட்டது. எதிராளி தேசிய அணிக்குப் போனாள். டீச்சருக்கு ஓராண்டுத் தடை விதித்தார்கள்.

தடை முடிந்த மாதமே தங்கைக்கு மறுபடியும் தேர்வுப் போட்டி வந்தது; மூலையும் அதே சிவப்பு. அக்கா நாலு கடை ஏறி இறங்கி சிவப்பு அரைக்கால் சட்டை வாங்கினாள். பிறகு படிவத்தை எடுத்து உட்கார்ந்தாள். ஆட்சேபக் கட்டத்தில் வழக்கம்போல மற்ற இரண்டு நடுவர்களின் பெயர்களையும் எழுதினாள். அதற்குக் கீழே, கட்டத்தைத் தாண்டி ஓடும் பெரிய எழுத்தில் எழுதினாள்: 'கணக்கு டீச்சர் கட்டாயம் வேண்டும்.'