மரமில்லாமல் போவதில்லை

"மண்வெட்டியைக் கீழ வை, குரோடா."

தமோட்சு செருப்பு மாட்டக்கூட நேரமில்லாமல் காலுறையோடு தோட்டத்தில் குதித்து, மரத்துக்கும் தோட்டக்காரருக்கும் நடுவே நின்றார். வாசலில் சின்ன லாரி உறுமிக்கொண்டிருந்தது. அதில் அவர் மனைவி நோபுயோவின் தையல் மெஷின், மெத்தை, துணிப்பெட்டி எல்லாம் ஏறியாகிவிட்டது. பாக்கி இந்த மரம்தான்.

ஆள் உயர ஷிதேகொபுஷி. ஓர் இலைகூட இல்லை. கிளை நுனியெங்கும் சாம்பல் ரோமம் போர்த்திய மொட்டுகள். இன்னும் இரண்டு வாரம் போனால் நாடா நாடாய் வெள்ளைப் பூ. நோபுயோ கல்யாணமாகி வரும்போது பிறந்த வீட்டுச் சதுப்பிலிருந்து கொண்டுவந்த கன்று.

போன மாதம் தமோட்சு வேலையிலிருந்து ஓய்வுபெற்றார். அந்த வாரமே விவாகரத்துத் தாளை நீட்டியவள், "என் மரமில்லாம போக மாட்டேன்" என்றும் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவர் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு வருஷம் முன்னாடியே சுத்தி வேரை வெட்டிவிடணும். புதுச் சல்லிவேர் விட்டப்புறம்தான் மரத்தை எடுக்கணும். உனக்குத் தெரியாதா?"

"தெரியும்யா," என்றார் குரோடா. "திடுதிப்புனு எடுத்தா பட்டுப்போயிடும்."

"கேட்டியா, நோபுயோ? இன்னைக்கு வேரை மட்டும் வெட்டட்டும். அடுத்த வருஷம் எடுத்துக்கோ. அதுவரைக்கும் இங்கயே இரு."

ஒரு வருஷத்தில் மனசு மாறாதா? குளிக்கிற தண்ணீரைச் சூடாக்கும் பொத்தான் எது என்றுகூட அவருக்குத் தெரியாது. அது கிடக்கட்டும். விளக்கெரியாத வீட்டுக்குள் நுழைந்து, 'வந்துட்டேன்' என்று யாரிடம் சொல்வது?

"தோண்டுங்க, அண்ணே," என்றாள் நோபுயோ.

"பட்டுப்போனா என்னைக் குத்தம் சொல்லக்கூடாதும்மா."

"சொல்ல மாட்டேன்."

குரோடா சுற்றிப்போய் மறுபக்கம் மண்வெட்டியை இறக்கினார். தமோட்சு பல்லைக் கடித்துக்கொண்டார். வேர் முறியும் சத்தம் வரவில்லை. குரோடா குனிந்து விரலால் மண்ணை விலக்கினார். வட்டமாக வெட்டப்பட்டு ஆறிப்போன வேர் நுனிகள். அவற்றிலிருந்து தாடி மாதிரி வெள்ளைச் சல்லிவேர்.

"யாரோ முன்னாடியே முறையா வெட்டியிருக்காங்கய்யா. நான் இல்லை."

தமோட்சு மனைவியைப் பார்த்தார்.

"போன வருஷம் உங்க ஆபீஸ்ல வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டிட்டுப் போனாங்களே, அன்னைக்கு நானே வெட்டினேன்," என்றாள். "கையெல்லாம் கொப்புளம். நீங்க வந்து உக்காந்து, சூப்புல உப்பு தூக்கலா இருக்குன்னீங்க."