மூன்று பக்கச் சூரியன்

மருந்துக்கடைக்காரியின் முதல் நாவல் அச்சுக்குப் போகவேண்டிய நாளில் மூன்று பக்கம் கூடிப்போயிற்று.

எழுதி முடித்தால் புத்தகம் தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்தாள், பாவம். ஒரு பெரிய தாளை மடித்தால் பதினாறு பக்கம். அச்சகத்தில் அதற்கு ஃபாரம் என்று பெயர். பதிப்பாளர் பத்து ஃபாரத்துக்குத்தான் தாள் எடுத்து வைத்திருந்தார், அதாவது நூற்று அறுபது பக்கம். நாவலோ நூற்று அறுபத்துமூன்றில் போய் நின்றது. நாலு மணிக்கு இயந்திரத்தில் ஏற்றியாக வேண்டும். விட்டால் பாடப்புத்தக வேலை வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் மூன்று மாதத்துக்கு இவள் நாவலை யாரும் சீண்ட மாட்டார்கள்.

அதனால் பகல் இரண்டு மணிக்குக் கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு, அச்சகத்து மாடியில் கத்தரியக்கா முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். கணினியில் பக்கம் கட்டுபவள் அந்த அக்கா. வெட்டுவதென்றால் ஈவிரக்கம் பார்க்க மாட்டாள், அதனால் அந்தப் பெயர். பக்கத்து நாற்காலியில், டிரைவிங் ஸ்கூல் நடத்தும் கணவர் ஸ்கூட்டர் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிடலாமா அக்கா?"

"ஆக்கலாமே. கண் டாக்டருக்குக் கூட்டம் கூடும்."

"அப்போ எதைத்தான் எடுக்கறது?"

"ஆரம்பத்துல வர்ற மூணு பக்கம்," என்றாள் அக்கா பட்டென்று. "சூரியன் வருது, வருது, வந்துக்கிட்டே இருக்கு. நாலாம் பக்கத்துலதான் நான் கண்ணாடியையே எடுத்து மாட்டினேன். பெட்டியோட ஒருத்தி வந்து கதவைத் தட்டி, 'இந்த வீட்டுக்காரருக்கு நான்தான் முதல் சம்சாரம்'ங்கறா பாருங்க, அங்கேதாம்மா கதை ஆரம்பிக்குது!"

அந்த மூன்று பக்கத்தை இவள் பதினொரு தடவை திருத்தி எழுதியிருக்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அதைத்தான் வாசித்துக் காட்டுவாள். வந்தவர்கள் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் கிழக்கு வெளுத்துவிடும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அதில் கைவைப்பதென்றால்?

கணவர் துள்ளி எழுந்தார். "மேடம், அதுதான் புத்தகத்தோட உயிரே! என்கிட்ட கிளட்ச் மிதிக்கக் கத்துக்க வர்றவங்களுக்கெல்லாம் சொல்லிக் காட்டியிருக்கேன். கேளுங்க: 'கீழ்வானம் தயங்கித் தயங்கித் தன் கதவைத் திறந்தது...'" காற்புள்ளிகூட விடாமல் அரைப்பக்கம் ஒப்பித்தார். இவளுக்குப் பெருமை தாங்கவில்லை. கட்டினால் இப்படி ஒருத்தரைக் கட்ட வேண்டும்!

"சரி சார், சூரியன் இருக்கட்டும்," என்றாள் அக்கா. "நீங்களே சொல்லுங்க. பஸ் நிலையத்துச் சண்டையை எடுக்கலாமா, மாமியாரோட கடிதத்தை எடுக்கலாமா?"

"எந்தச் சண்டை?"

கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்தது. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் நின்றார்.

"என்னங்க," என்றாள் இவள் மெதுவாக. "ஒரு வருஷமா அந்த நாவல் கட்டு உங்க தலைமாட்டுலதானே இருந்துது? பிரமாதம்னு சொன்னீங்களே!"

"பிரமாதம்தாம்மா. தினமும் எடுத்தேன், சத்தியமா எடுத்தேன். அந்தச் சூரியன் மெதுவா வரும்ல... அப்படியே கண்ணு சொக்கிடும். நல்ல எழுத்துன்னா மனசுக்கு இதமா இருக்கணும், இல்லையா மேடம்?"

மேடம் திரையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள்.

இவளுக்கு அழுகையே வந்துவிட்டது. உலகத்தில் யார் படிக்காவிட்டாலும் ஒரு ஆள் படித்திருக்கிறார் என்ற தெம்பில்தானே பதிப்பாளர் வாசல்வரை வந்தாள்! கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை தரமாட்டேன் என்று தினமும் கடையில் சண்டை போடுபவள் அவள். அதையே புத்தகத்தின் முதல் பக்கத்தில் வைத்து, ஊருக்கெல்லாம் கொடுக்கப் பார்த்திருக்கிறாள்.

"எடுத்துடுங்க அக்கா," என்றாள். "கட்டின புருஷனே ஒரு வருஷமா இந்த மூணு பக்கத்தைத் தாண்டலை. கடையில நின்னுக்கிட்டே புரட்டறவங்க எங்கே தாண்டப் போறாங்க?"

அக்கா ஒரு விசையைத் தட்டினாள். பதினொரு தடவை எழுதியது ஒரு நொடியில் போய்விட்டது. வலிக்கத்தான் செய்தது. ஆனால் கடைசிப் பக்கத்தின் அடியில் நூற்று அறுபது என்று நின்றது.

கடைசியாக ஒருமுறை பார்க்க எல்லாப் பக்கங்களையும் அச்செடுத்தார்கள். பார்த்து முடித்த முதல் பத்துப் பக்கத்தை அக்கா கணவரிடம் நீட்டினாள். "சும்மாதானே இருக்கீங்க சார், பிடிங்க." பெண்கள் இருவரும் பக்க எண்களையும் தலைப்புகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, பார்த்த தாள்களை அவர் பக்கம் தள்ளிக்கொண்டே வந்தார்கள். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கோப்பு கீழே இயந்திர அறைக்குப் போயிற்று.

"வாங்க, கிளம்பலாம்," என்று பையை எடுத்தாள் இவள்.

மாடிப்படி வரை போனவள் திரும்பிப் பார்த்தாள், அவர் பின்னால் வரவில்லை.

"உங்களைத்தான்! கடையைத் திறக்க வேண்டாமா?"

அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். "இரும்மா. அந்த முதல் சம்சாரம்... அவ சொல்றது நிஜமா, புளுகா?"

பிரமாதம் என்று நூறு பேர் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கேள்வியை இதுவரை ஒருத்தரும் அவளிடம் கேட்டதில்லை. இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, அவளுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

"சொல்ல மாட்டேன். படிங்க," என்று பையைக் கீழே வைத்துவிட்டு, அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.